காகிதத்தில் காப்பிக் கிளை செய்யும் முறை: பனியிலும் சுருளாத இலைகள்

சென்ற கார்த்திகை மாதத்தில், காகிதத்தால் செய்த ஒரு காப்பிக் கிளையைச் சேலத்திலிருந்து மடியில் வைத்துக்கொண்டே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏற்காட்டில் இருக்கும் என் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருடைய தோட்டத்துக் கிளையைப் பார்த்துச் செய்தது என்பதால், அதை அவர் வீட்டு முன்னறையில்தான் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மறுநாள் விடியற்காலையில் சன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து போனது. எழுந்து பார்த்தபோது 14 இலைகளில் 9 இலைகள், நுனி காம்பை நோக்கி, பாயைச் சுருட்டியதுபோல் சுருண்டிருந்தன. வேறு 2 இலைகள் முறுக்கிக்கொண்டு நின்றன. அத்தை தோட்டத்துக்குப் போய் ஓர் இலையைப் பறித்து வந்து என் கையில் கொடுத்து, "இது எந்தப் பக்கம் மடங்கப் பாக்குதுன்னு பாரு கண்ணு" என்றார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். படியெடுப்பது, கத்தரிப்பது போன்றவற்றை நீங்களே அறிவீர்கள் என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

ஜெர்மனியக் கலைஞர் தாமஸ் டிமாண்ட், 2003-இல் ஒரு காட்டு வெளியைக் காகிதத்திலேயே உருவாக்கியபோது அதற்கு 2,70,000 இலைகள் தேவைப்பட்டன. அவர் காகிதத்தாலும் அட்டையாலும் இடங்களை உண்மை அளவிலேயே கட்டி, ஒளிப்படம் எடுத்த பின் கட்டியதைப் பெரும்பாலும் அழித்துவிடுவார். பார்வையாளருக்கு எஞ்சுவது படம் மட்டுமே. நம் கிளையின் நிலை வேறு. அது ஒரு வீட்டில், மழையிலும் பனியிலும் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். ஆகவே இலையின் வடிவத்தை வரைவதற்கு முன்பே காகிதத்தின் குணத்தை அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் இழை ஓட்டம் பார்க்க வேண்டும். ஆலையில் காகிதக் கூழ் ஓடும் வலையின் மீது படியும்போது, நார்களில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுகின்றன. ஈரம் பட்டால் ஒரு நார் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் குறுக்குவாக்கில் மிக அதிகமாகவும் பருக்கிறது. எனவே காகிதமும் பெரும்பாலும் இழைக்குக் குறுக்காகவே விரிகிறது. இதைக் கண்ணால் காண, தாளிலிருந்து 5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டி, தாளின் நீளவாட்டத்தைப் பென்சிலால் அம்புக்குறியிட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் தொட்டுவிடுங்கள். சில நொடிகளில் அது குழலாகச் சுருளும். குழல் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுவே இழையின் திசை. ஏ4 நகல் தாளில் பெரும்பாலும் நீளவாட்டத்திலேயே இழை ஓடும். சார்ட் தாளில் அதைக் கடைக்காரர் எப்படி வெட்டினார் என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சதுரத்தைச் சோதிக்காமல் இலை வெட்டத் தொடங்காதீர்கள்.

நான் செய்த பிழை இங்கேதான். தாள் வீணாகக் கூடாது என்று இலைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கி வரைந்து வெட்டினேன். இழைக்குக் குறுக்காக வெட்டிய இலைகள் நுனியிலிருந்து சுருண்டன. ஒவ்வோர் இலையும் இரண்டு தாள்களை ஒட்டிச் செய்தது; அவற்றில் மேல் தாளில் ஒரு சாய்வாகவும் அடித்தாளில் எதிர்ச்சாய்வாகவும் இழை அமைந்த இலைகள் முறுக்கிக்கொண்டன. மந்தாரை நெற்று காய்ந்து வெடிக்கும்போது முறுக்கிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். அதன் தோலின் இரண்டு அடுக்குகளிலும் நார்கள் எதிரெதிர்ச் சாய்வில் ஓடுகின்றன. அத்தை கொடுத்த இலையோ நடுநரம்பின் இருபுறமும் சற்றே மேலெழுந்து, நீளவாட்டில் ஓர் ஆழமற்ற வாய்க்கால்போல் இருந்தது. இழையை நடுநரம்பின் திசையிலேயே வைத்தால் காகிதமும் அப்படித்தான் வளையும். பனி பட்டு அது வளைந்தாலும், காப்பி இலை இயல்பாக வளையும் பக்கமே வளைகிறது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து நான் காகிதத்தோடு மல்லுக்கட்டுவதில்லை.

இலைக்கு 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) நகல் தாள் போதும். மேல் தாளுக்குக் கரும்பச்சையும் அடித்தாளுக்கு வெளிர்பச்சையும் அக்ரிலிக் வண்ணத்தில் பூசிக் காயவிட்டு, இரண்டிலும் இழை நீளவாட்டில் இருக்குமாறு 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் இலைகளை வெட்டுங்கள். நுனி வால்போல் கூர்ந்து இறங்க வேண்டும். ஓரம் மெல்ல அலைபோல் நெளிய வேண்டும். இரண்டு தாள்களுக்கும் நடுவே நரம்பாக ஒரு கம்பி செல்லும். கட்டடத்துக்குப் பயன்படும் கட்டுக்கம்பியை வாங்காதீர்கள். பசையின் ஈரத்தில் அது துருப்பிடித்து, ஒரே மாதத்தில் இலையின் நடுவே பழுப்புக் கோடாகத் தெரியும். மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் செம்புக் கம்பிதான் என் தேர்வு. வார்னிஷ் பூசியிருப்பதால் ஈரம் அதை ஒன்றும் செய்வதில்லை.

ஒட்டுவதற்கு மரவள்ளி மாவுப் பசையே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் நிறைந்த சேலத்தில் இந்த மாவுக்காக அலைய வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி மாவை 6 தேக்கரண்டி குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால், வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் தெளியும்; அந்த நொடியிலேயே இறக்கிவிடுங்கள். கடையில் விற்கும் வெள்ளைப் பசை காய்ந்தபின் இறுகிவிடுவதால், இலையின் வளைவைத் திருத்த முடிவதில்லை. மாவுப் பசையில் ஒட்டிய இலையோ சற்று ஈரம் காட்டினால் மீண்டும் கைக்கு இணங்கும்.

ஒட்டிய இலை முக்கால் பங்கு காய்ந்திருக்கும்போது அதை மடித்த துணியின் மேல் குப்புற வைத்து, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் பக்க நரம்புகளை அழுத்தி வரையுங்கள். என் முன்னிருந்த இலையில் பக்கத்துக்கு 9 நரம்புகள் இருந்தன. அவை ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே வளைந்து அடுத்த நரம்போடு சேர்ந்தன. நரம்பு பிரியும் மூலைகளில், இலையின் அடிப்புறத்தில், ஊசி முனையால் தொட்டதுபோல் சிறு குழிகள் இருக்கும். அவற்றையும் குத்திவிட்டால், தோட்டத்தில் வேலை செய்பவர்கள்கூட அருகில் வந்து பார்ப்பார்கள். முழுவதும் காய்ந்தபின் வார்னிஷை இருபுறமும் பூச வேண்டும். மேற்புறம் மட்டும் பூசினால் அடிப்புறம் ஈரத்தை உறிஞ்சி, பழைய தொல்லை திரும்பிவிடும்.

எல்லா இலைகளையும் குறையற்றதாகச் செய்ய வேண்டாம். கட்டடக்கலை பயின்று பின்னர் சுருக்கங்கள் கொண்ட கிரேப் காகிதத்தில் மிகப்பெரிய பூக்களைச் செய்யத் தொடங்கிய அமெரிக்கக் கலைஞர் டிஃபனி டர்னர், வாடலையும் கருகலையும் சேர்த்தே செய்கிறார். அவர் பூக்கள் உயிரோடு தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் கிளையில் இரண்டொரு இலைகளின் அடியில், பஞ்சால் ஆரஞ்சு வண்ணப் பொடியைத் தொட்டு இலைத்துரு நோயின் புள்ளிகளை வையுங்கள். ஓர் இலையில் பூச்சி கடித்த ஓட்டை இருக்கட்டும்.

கிளைக்கு ஜப்பானியக் கலைஞர் சியே ஹிடோட்சுயாமாவின் முறை உதவுகிறது. அவர் செய்தித்தாளை நனைத்து, முறுக்கிப் புரிகளாக்கி, அவற்றை அடுக்கியே பெரிய விலங்குகளை உருவாக்குகிறார். நாமும் 2 சென்டிமீட்டர் அகலக் கீற்றுகளை நனைத்துப் பசை தடவி, சற்றுத் தடித்த செம்புக் கம்பியின்மேல் முறுக்கிச் சுற்றினால், பட்டையின் வரிகள் தாமாகவே அமைந்துவிடும். 5 சென்டிமீட்டருக்கு ஒரு கணு வைத்து, அங்கே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிரே வர வேண்டும். பக்கக் கிளையில் எல்லா இலைகளும் ஒரே தளத்தில், விரித்த விசிறிபோல் இருக்கும். மேலும் கீழுமாக வைத்தால் காப்பிச் செடியை அறிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

பழம் எளிது. டிஷ்யூ தாளைப் பசையில் தோய்த்து ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள முட்டை வடிவில் உருட்டி, காய்ந்தபின் மேலும் இரண்டு அடுக்கு ஒட்டி வண்ணம் பூசினால் போதும். பூ உதிர்ந்த வடு ஒரு சிறு வட்டமாகப் பழத்தின் முனையில் இருப்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே கணுவில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் கலந்திருக்கட்டும். ஏனெனில் ஏற்காட்டில் பழம் ஒரே நாளில் சிவப்பதில்லை, பறிப்பவர்கள் அதே செடிக்குப் பலமுறை வருகிறார்கள்.

பின்சேர்க்கை 1: ஆத்தூரிலிருந்து எழுதிய ஒரு வாசகர், சிவப்புக் கிரேப் தாளில் பழம் செய்தபோது சாயம் கரைந்து இலையெல்லாம் கறை பட்டதாகச் சொல்கிறார். கிரேப் தாளின் சாயம் நீரில் கரையக்கூடியது. வெள்ளை டிஷ்யூவில் செய்து அக்ரிலிக் பூசுங்கள்; பழங்களை முழுவதும் காய்ந்தபின் கடைசியாகக் கோத்துக் கட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: மாவுப் பசையைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அரிப்பதாக மூவர் எழுதியிருக்கிறார்கள். சுவரொட்டி ஒட்டுபவர்களும் புத்தகம் கட்டுபவர்களும் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலப்பது வழக்கம். ஆனால் அது நஞ்சு என்பதால், குழந்தைகளோடு சேர்ந்து செய்யும் வீட்டில் அதை நான் பயன்படுத்துவதில்லை. பசையை அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சி மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன். இலையின் விளிம்பில் பசை பிதுங்கி நிற்காமல் ஈரத் துணியால் துடைத்து, விளிம்பிலும் வார்னிஷ் ஏறுமாறு பூசுகிறேன். அத்தை வீட்டில் இருக்கும் இரண்டாவது கிளை ஓர் ஆடி மழையைக் கடந்திருக்கிறது. அதில் இதுவரை ஓர் இலைதான் அரிபட்டிருக்கிறது, அதுவும் நான் விளிம்பைத் துடைக்க மறந்த இலை.