பைத்தான் தெரிந்தவருக்கு கோ மொழி: கொலுசுப் பட்டறைக் கணக்கை மாற்றி எழுதிய வழி

சேலம் சிவதாபுரத்தில் மாமாவுக்கு ஒரு சின்ன வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு என்று பட்டியல் போட பைத்தானில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் பைத்தானை மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. கோ மொழியில் எழுதினால் ஒரே ஒரு எக்ஸ்இ கோப்பு, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும். அதற்காகத்தான் கோ கற்றுக்கொண்டேன்.

நிரல் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

படி 1: பழைய நிரல் ஒன்றை எடுங்கள்

புது மொழிக்குப் புது வேலை தேடாதீர்கள். நீங்களே எழுதி, பல மாதம் ஓடி, ஒவ்வொரு வரியும் மனப்பாடமான நிரலை எடுங்கள். என்ன விடை வர வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும் என்பதால், தப்பு வந்தால் உடனே கண்ணில் படும். 20 மணி நேர வீடியோ வகுப்பில் முக்கால்வாசி, ஃபார் என்றால் என்ன என்பதிலேயே போய்விடும். உங்களுக்கு அது வேண்டாம்.

படி 2: நிறுவுவது

கோ தளத்தில் இறக்கி நிறுவி, ஒரு கோப்புறையில் கோ மாட் இனிட் என்று எழுதி, பக்கத்தில் நிரலுக்கு ஒரு பெயரும் கொடுத்தால் சரி. எடிட்டருக்கு விஎஸ் கோடும் அதன் கோ நீட்சியும் போதும். சேமிக்கும்போதே கோஃபம்ட் ஓடும்படி வையுங்கள். இடைவெளி எங்கே, டேப் எங்கே என்ற யோசனையே வராது. முதல் இரண்டு வாரம் ஏஐ பரிந்துரைகளை அணைத்து வைப்பதுதான் நல்லது. கை பழக வேண்டும்.

படி 3: கம்பைலர் திட்டுவதைக் கேளுங்கள்

கம்பைலர் என்பது நிரலை எக்ஸ்இ கோப்பாக மாற்றும் கருவி. பயன்படுத்தாத மாறி இருந்தாலே கோ கம்பைல் ஆகாது. முழு எண் மாறியையும் தசம எண் மாறியையும் கலந்து பெருக்கினாலும் நிற்கும். இவையெல்லாம் ஒரே நாளில் பழகிவிடும், ஏனென்றால் கம்பைலரே வரி எண்ணோடு சொல்லிவிடுகிறது. ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. என் பைத்தான் நிரலில் மாறிகளின் பெயர் எடை, பெயர், சேதாரம் என்று தமிழிலேயே இருந்தன. பைத்தான் 3 அதை ஏற்கும். கோ மாறிப் பெயரில் எழுத்தையும் இலக்கத்தையும் அடிக்கோட்டையும் மட்டும்தான் ஏற்கும். யூனிகோடு கணக்கில் ை, ா போன்ற துணைக்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் சேராது. அதனால் 'எடை' ஐகாரக் குறியிலேயே நின்றுவிட்டது. எல்லாப் பெயரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

படி 4: ஒன்றுபோல் தெரிவதைச் சந்தேகப்படுங்கள்

நான் விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புதிதாகத் தெரிவதைப் படித்துவிட்டுத்தான் எழுதுவோம். பழகியதுபோல் தெரிவதைக் கை தானாக எழுதிவிடும்.

பட்டியலில் பெயருக்கு 10 இடம் ஒதுக்கியிருந்தேன். பைத்தானில் பெயர் என்று எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளியும் 10-ம் போட்டு வெட்டினேன். மாறியின் பெயரை மட்டும் மாற்றினால் அந்த வரி கோ மொழியிலும் கம்பைல் ஆகிறது, பிழையே வராது. மாமா தாளைப் பார்த்துவிட்டு, "மாப்ள, பேரெல்லாம் பாதியில அறுந்து நிக்குது பாரு" என்றார். முருகேசன் இருக்க வேண்டிய இடத்தில் 'முர', பக்கத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

'முருகேசன்' நம் கண்ணுக்கு 5 எழுத்து. பைத்தானின் லென் 9 என்கிறது, ஏனென்றால் ம, ு, ர, ு என்று குறிகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. கோ மொழியின் லென் 27 என்கிறது. அங்கே ஸ்ட்ரிங் என்பது பைட்டுகளின் வரிசை, யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. 10 பைட்டில் வெட்டினால் மூன்று குறி முழுசாகவும் நான்காவதில் ஒரு பைட்டு மட்டும் துண்டாகவும் வரும். அந்தத் துண்டுதான் கேள்விக்குறி. (1992-இல் யூடிஎஃப்-8-ஐ உருவாக்கிய கென் தாம்சனும் ராப் பைக்கும் பின்னாளில் கோ மொழியை வடிவமைத்த மூவரில் இருவர்.)

ஸ்ட்ரிங்கை முதலில் ரூன் ஸ்லைஸாக (யூனிகோடு குறிகளின் பட்டியலாக) மாற்றி, 10 குறிக்கு மேல் இருந்தால் மட்டும் வெட்டுங்கள். முருகேசன் சரியாகிவிடுவார். ஆனால் அடுத்த வரியில் பழனியம்மாள் 'பழனியம்மாள' ஆகிவிட்டார். அந்தப் பெயரில் 11 குறி, கடைசிப் புள்ளி 11-ஆவது. பைத்தானும் இத்தனை நாள் இப்படித்தான் அச்சடித்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு சின்ன லூப் சேர்த்தேன். வெட்டும் இடத்துக்கு அடுத்த ரூன் துணைக்குறியா என்று யூனிகோட் பேக்கேஜின் இஸ்மார்க் மூலம் பார்க்கிறது, ஆம் என்றால் வெட்டும் இடத்தை ஒன்று தள்ளுகிறது. இப்படித் தமிழ்ப் பெயரை வெட்டுபவருக்கு இந்த லூப் வேண்டும், பைத்தானில் எழுதினாலும் கோ மொழியில் எழுதினாலும்.

இதே ரகத்தில் இன்னும் மூன்று.

ஃபார் லூப்பில் ரேஞ்சுக்கு ஒரே மாறி கொடுத்தால் பைத்தான்போல் உறுப்பு வராது, இடத்தின் எண்தான் வரும். ஆட்களின் பெயருக்குப் பதில் 0, 1, 2 என்று அச்சாகும்.

பைத்தானில் பட்டியலை வெட்டினால் நகல் கிடைக்கும். கோ ஸ்லைஸ் அதே நினைவகத்தைத்தான் பகிரும். முதல் இரண்டு பேரைத் தனியே எடுத்து, அப்பெண்ட் போட்டு ஒரு சோதனைப் பெயரைச் சேர்த்தேன். மூலப் பட்டியலில் மூன்றாவது ஆள் போய், சோதனைப் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. தனி நகல் வேண்டுமென்றால் மேக் போட்டுப் புதிதாக ஒன்று செய்து, காப்பி செய்யுங்கள்.

மூன்றாவது, எடையை எண்ணாக மாற்றுவது. '12.5'-க்குப் பின்னால் ஒரு இடைவெளி இருந்தால் பைத்தானின் ஃப்ளோட் கண்டுகொள்ளாது. கோ மொழியின் பார்ஸ்ஃப்ளோட் பிழையும் 0-வும் திருப்பித் தரும். திரும்பிய கொலுசின் எடையில் வந்த பிழையை அடிக்கோடு போட்டு ஒதுக்கினால், வாங்கிய வெள்ளி முழுவதும் சேதாரம் என்று ஒருவர் தலையில் விழும். உழைக்கிற ஒருவரின் பெயருக்கு நேரே அப்படி ஓர் எண் நிற்கக்கூடாது. இடைவெளியை ட்ரிம்ஸ்பேஸ் போட்டு நீக்குங்கள், ஒவ்வொரு பிழையையும் அங்கேயே கவனியுங்கள். ட்ரை, எக்செப்ட் இல்லையே என்று தேட வேண்டாம்.

படி 5: பழையதையும் புதியதையும் ஒப்பிடுங்கள்

ஒரு மாதக் கணக்கை இரண்டு நிரலிலும் ஓட்டி, விடைகளை டிஃப் (இரண்டு கோப்புகளை வரிவரியாக ஒப்பிடும் கருவி) போட்டுப் பாருங்கள். வேறுபடும் ஒவ்வொரு வரியும் உங்களுக்கு ஒரு பாடம்.

பிற்சேர்க்கை 1: எக்ஸ்இ திறக்கவே இல்லை என்று ஒரு நண்பர் எழுதினார். அவருடையது விண்டோஸ் 7. கோ 1.21 முதல் விண்டோஸ் 10-ஆவது வேண்டும். 1.20-இல் கம்பைல் செய்து அனுப்பினேன், ஓடுகிறது.

பிற்சேர்க்கை 2: ஒரே ஆளுக்கு இரண்டு கூட்டுத்தொகை வருகிறது என்று இன்னொருவர் கேட்டார். அவர் கோப்பில் பொன்னுசாமி இரண்டு விதமாக இருந்தார். ஒரு விசைப்பலகை 'ொ'-வை ஒரே குறியாக எழுதியிருக்கிறது, இன்னொன்று 'ெ', 'ா' என இரண்டாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு வேறு. கோ குழுவின் டெக்ஸ்ட் தொகுப்பில் உள்ள நார்ம் பேக்கேஜை இறக்கி, பெயரைப் படித்தவுடன் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டாக எழுதியதை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றச் சொன்னேன். இப்போது பொன்னுசாமிக்கு ஒரே வரிதான் வருகிறதாம்.