பழத் தயிர் ஏன் நீர்த்துப் போகிறது?

கடையில் வாங்கிய மாம்பழ யோகர்ட் கரண்டியில் அப்படியே நிற்கும். வீட்டில் செய்தது லஸ்ஸி பதத்துக்கு இறங்கிவிடும். உடனே தயிரைக் குறை சொல்வோம். பெரும்பாலும் தவறு பழத்தில் இருக்கும் தண்ணீரிலும் அதைச் சேர்க்கும் நேரத்திலும்தான்.

மாம்பழச் சதையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்; ஸ்ட்ராபெர்ரியில் பத்தில் ஒன்பது பங்கு. பச்சையாக அரைத்துக் கலந்தால் அவ்வளவும் தயிரில் இறங்கும். போதாததற்கு மேலே தூவும் சர்க்கரை பழத்திலிருந்து இன்னும் சாற்றை இழுக்கும். 250 கிராம் மாம்பழச் சதையை அரைத்து (நார் உள்ள பழமென்றால் வடிகட்டி), 2 மேசைக்கரண்டி சர்க்கரையோடு அடிகனமான வாணலியில் சிறு தீயில் கிளறுங்கள். 10, 12 நிமிடத்தில் ஜாமுக்குச் சற்று முந்திய பதம் வரும். எடை ஏறக்குறைய 150 கிராமுக்கு இறங்கியிருக்கும். நன்றாக ஆறி, ஃபிரிட்ஜில் குளிர்ந்த பிறகே தயிரில் சேர்க்க வேண்டும். சூடாகக் கொட்டினால் தயிர் திரிந்து நீர் விடும்.

பழக்கூழைப் பாலிலேயே கலந்து உறை ஊற்றுவது இன்னொரு தவறு. பழத்தின் புளிப்பு, உறை வேலை செய்வதற்கு முன்பே பாலைத் திரித்துவிடும். கிடைப்பது தயிரல்ல, கட்டியும் தண்ணீருமாகப் பிரிந்த பால். சர்க்கரையும் பாலில் அளவோடுதான்: லிட்டருக்கு 50 கிராம் வரை தொல்லையில்லை, 100 கிராமைத் தாண்டினால் உறைவது தாமதமாகும். வங்காளத்து இனிப்புத் தயிரான மிஷ்டி தோயில் நிறையச் சர்க்கரை சேர்கிறதே என்றால், அங்கே பாலைச் சுண்டக் காய்ச்சி, மண் சட்டியில் ஊற்றி, நெடுநேரம் அசைக்காமல் விடுகிறார்கள். சட்டியும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அன்னாசி தனி ரகம். அதிலுள்ள புரோமெலின் என்ற நொதி பால் புரதத்தைத் துண்டு துண்டாக்கும். பச்சை அன்னாசி சேர்த்த தயிர் சில மணி நேரத்தில் தளர்ந்து கசக்கத் தொடங்கும். கிவிப் பழமும் இப்படித்தான். இரண்டையும் 10 நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். பப்பாளியின் நொதி சூட்டைக் கொஞ்சம் தாங்கக்கூடியது. அதைக் கலந்த உடனே சாப்பிட்டுவிடுவது நல்லது. மாதுளை முத்துகளை வேகவைக்க வேண்டாம், பரிமாறும்போது தூவினால் போதும்.

இனி அடிப்படைத் தயிர். 6 சதவீதக் கொழுப்புள்ள பால் 1 லிட்டர். ஒரு பொங்கு வந்ததும் இறக்கிவிடாமல், சிறு தீயில் இன்னும் 10 நிமிடம் கிளறிக் காய்ச்சுங்கள். அந்தச் சூட்டில்தான் பாலில் உள்ள மோர்ப் புரதங்கள் (whey proteins) விரிந்து, பாலின் முக்கியப் புரதமான கேசினோடு பிணைந்து, தண்ணீரைப் பிடித்து வைக்கும். 43 முதல் 45 டிகிரி வரை ஆறட்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், சுத்தமான விரலைப் பத்து நொடி வைத்துத் தாங்கும் சூடு. ஒரு மேசைக்கரண்டி உறை போதும். கூடுதலாக ஊற்றினால் கெட்டியாகாது, சீக்கிரம் புளிக்கத்தான் செய்யும். புளித்த தயிரோடு புளிப்புப் பழம் சேர்ந்தால் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டிவரும். நூல் விடும் தயிரையும், கடைப் பழ யோகர்ட்டையும் உறைக்கு எடுக்காதீர்கள்.

உறைந்ததும் ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் வைத்துவிட்டு, மஸ்லின் துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே இன்னொரு 4 மணி நேரம் வடியவிடுங்கள். 500 கிராம் வடித்த தயிருக்கு மேலே சொன்ன 150 கிராம் கூழ் சரியாக இருக்கும். வடிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம்.

கலக்கும்போது மிக்சி பக்கம் போகவே வேண்டாம். அந்தச் சுழற்சியில் கட்டமைப்பு உடைந்து, வடித்த தயிரும் மோராகிவிடும். கரண்டியால் மடித்துக் கலந்தால் போதும். ஏலக்காய்ப் பொடி, வெதுவெதுப்பான பாலில் ஊறிய குங்குமப்பூ, ரோஸ் எசன்ஸ் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான். எசன்ஸ் இரண்டு சொட்டுக்கு மேல் போனால் சோப்பு வாசனை.

வேகவைத்த பழம் சேர்த்தது ஃபிரிட்ஜில் 3 நாள் தாங்கும். பச்சைப் பழம் சேர்த்ததை அன்றே முடித்துவிடுங்கள். பழத்தோலிலிருந்து வரும் ஈஸ்ட் அதில் நொதிக்கும். மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் ‘புஸ்’ என்று காற்று வந்தாலோ ருசி பார்க்காமலே கொட்டிவிடுங்கள்.