வேன்காரரைத் தலைவராக்காதீர்கள்: கலைஞர் சங்கம் தொடங்குவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினாறு பேர் சங்கம் தொடங்கக் கூடியிருந்தார்கள். தப்பு மேளம் அடிப்பவர்கள், உருமிக்காரர்கள், மன்மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்கு வேடம் கட்டுபவர்கள். பழையவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். அழைப்பிதழில் தலைவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆட்களைத் தன் வேனில் நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிப்போகிறவர் அவர். நாங்கள் விழுந்த அதே கிடங்கு.

ரசீது எழுதுங்கள், கூட்டக் குறிப்பு வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. சாவு வீட்டுச் செலவுக்குக் காசு சேர்க்கும் மரணாதாரச் சங்கம் நடத்திப் பழகிய லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) ஆட்களுக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கூட்டிப்போகிறவரே தலைவர்

பதினைந்து வருடங்களுக்கு முன் நாங்கள் இருபத்திரண்டு பேர். எங்களுக்குக் கொழும்பில் கல்யாணம், ஹோட்டல் விழா, அரசியல் கூட்டம் பிடித்துத் தந்தவர் ஒருவர். வேன் அவருடையது, தொடர்புகள் அவருடையவை, தீபாவளிக்கு முற்பணம் தருபவரும் அவரே. நாலு வார்த்தை சிங்களத்தில் தடையில்லாமல் பேசுவார். அவரைவிட்டால் தலைவராக வேறு யார்? ஏகமனதாகத் தெரிவு செய்தோம். செயலாளர் நான்.

அவர் கெட்டவர் அல்லர். எந்தச் சாவு வீட்டுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். அதனால்தான் தவறு கண்ணில் படவே இல்லை.

ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது, கித்துல்கல வளைவில் மழைக்கு வேன் சறுக்கியது. எங்கள் தப்புக்காரப் பையன் ஒருவனுக்கு முன்கை முறிந்தது. ஆறு மாதம் அவனால் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. நட்டஈடு கேட்க வேண்டும் என்று கூட்டம் போட்டோம். யாரிடம் கேட்பது? வேலைக்குக் கூட்டிப்போனவரிடம். யார் கேட்பது? சங்கத் தலைவர். இரண்டும் ஒரே ஆள். அவரே தலைமை தாங்கி, அவரே வருத்தம் தெரிவித்து, சங்கப் பணத்தில் மூவாயிரம் ரூபாய் கொடுக்கத் தீர்மானித்தார். நாங்கள் கை தூக்கினோம்.

இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது அதற்கடுத்து நடந்தது. "அங்கத்தவர்கள் தாமாகவே விரும்பிச் சென்ற நிகழ்ச்சி" என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன்கீழ் கேட்கப் போனால் முதல் கேள்வியே வேலை கொடுத்தவர் யார் என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லாமல் செய்தது என் கையெழுத்து.

பிறகுதான் அந்தக் கல்யாண பில் கண்ணில் பட்டது. எட்டுப் பேருக்கென்று அறுபதாயிரம் ரூபாய் வாங்கப்பட்டிருந்தது. எங்கள் கைக்கு வந்தது ஆளுக்கு 2,500. வேன் செலவு போகட்டும், மிச்சம்? தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்த கங்காணி, பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்த ஆட்களை எண்ணித் தலைக்காசு வாங்கிய கதையைத் தாத்தாமார் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் கங்காணியை நாங்களே வாக்களித்து வைத்துக்கொண்டோம்.

வேலை பிடித்துத் தருபவரைத் துரத்துங்கள் என்று சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் பாதி வேலை வராது. அவருக்குரிய பங்கை இத்தனை வீதம் என்று பேசி, எழுதி, கொடுங்கள். விழாக்காரர் தரும் தொகையின் பிரதி சங்கத்துக்கு வர வேண்டும், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அவர் உட்கார வேண்டிய நாற்காலி மேசைக்கு எதிர்ப்பக்கம்.

பொன்னாடை

கூலிக்குப் பதிலாக வாங்காதீர்கள். என் வீட்டில் பதினொன்று இருக்கின்றன. கடைக்காரர் ஒன்றுக்கும் கோதுமை மா தரவில்லை.

கலாமன்றப் பதிவைத் தொழிற்சங்கப் பதிவென்று நம்புவது

பிரதேச செயலகத்தில் கலாமன்றமாகப் பதிந்தால் கலாசார விழாவுக்கு அழைப்பு வரும். கூலித் தகராறில் அந்தச் சான்றிதழ் பேசாது. தொழிற்சங்கமாகப் பதிவு கேட்பது 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ். ஏழு அங்கத்தவர்கள் கையெழுத்திட்டால் விண்ணப்பிக்கலாம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில். அந்தச் சட்டம் தொழிலாளி, தொழில்தருநர் என்ற இரண்டு பக்கத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நமக்கோ இன்று கோயில் கமிட்டி, நாளை ஹோட்டல், மறுநாள் சாவு வீடு. ஆகவே ஒரு வருடம் யார் யார் அழைத்தார்கள், எவ்வளவு பேசினார்கள், எவ்வளவு தந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் 'சுயதொழில்தானே' என்று திருப்பி அனுப்புவார்கள்.

அழைப்பவர்கள் பட்டியலில் பெரிய தொழிற்சங்கங்களையும் சேருங்கள். ஒரு மே தின ஊர்வலத்தில் தொழிலாளர் உரிமைக்காக வெயிலில் நான்கு மணி நேரம் தப்படித்தோம். அந்தக் கூலி கைக்கு வந்தது ஆவணியில்.

முதுமையைப் பிறகு பார்ப்போம் என்பது

கொழுந்தெடுக்கும் தங்கச்சிக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் சேர்த்துச் சேமலாப நிதிக்குப் போகிறது. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தோட்டம் இன்னொரு 3 வீதம் கட்டுகிறது. அவள் அண்ணன் முப்பது வருடம் தப்படித்தாலும் பூச்சியம்தான். நம்பிக்கை நிதியத்தில் சுயதொழில் செய்பவரும் தாமாகச் சேரலாம். சமூகப் பாதுகாப்புச் சபையில் ஓய்வூதியத் திட்டமும் உண்டு. அதற்கான சட்டம் 1996இல் வந்தது. சேர்வது கஷ்டமில்லை, மாதாமாதம் கட்டுவதுதான் கஷ்டம். தோட்டச் சங்கங்களுக்குச் சந்தா சம்பளத்திலேயே வெட்டப்பட்டு வருகிறது, நமக்கு வெட்டித்தர ஆளில்லை. நிகழ்ச்சி முடிந்து பணம் பிரிக்கும்போதே, வேன் கிளம்புமுன், ஆளுக்கு இவ்வளவு என்று எடுத்துவிடுங்கள். வீடு போய்ச் சேர்ந்த பணம் சங்கத்துக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

வீடியோ

2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துபவருக்கும் உரிமை தருகிறது. பதிவு செய்ய உங்கள் சம்மதம் வேண்டும். ஹோட்டல்காரரிடம் அதற்குத் தனி விலை பேசுங்கள்.

பெண்கள்

கூத்தில் ரதி வேடத்தையும் ஆண்களே கட்டினோம். சங்கத்தில் அது வேண்டாம். ஒப்பாரி பாடுபவர்களும் கலைஞர்கள்தான்.

டிக்கோயாக் கூட்டத்தில் இவ்வளவையும் சொன்னேன். முதல் வரிசையில் இருந்த தலைவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் முடிய இருட்டிவிட்டது, பஸ் இல்லை. என்னை ஹட்டனில் இறக்கிவிட்டது அவருடைய வேன்தான். இறங்கும்போது, "பத்து வீதமா அண்ணே, பதினைந்தா?" என்று கேட்டார். "அந்தப் பதினாறு பேரிடம் பேசுங்கள் தம்பி" என்றேன்.