இலவசப் பற்சிகிச்சைக்குத் தண்டப்பணம்: கையெழுத்திடும் முன்பும் கடிதம் வந்த பின்பும்

இங்கிலாந்தில் வாழும் நம்மவர்களுக்கு அரசாங்கக் கடிதங்களை வாசித்து விளக்கிச் சொல்லும்போது, முதியவர்களையும் இளந்தாய்மாரையும் ஒரே அளவில் கலங்க வைக்கும் கடிதமாக நான் கண்டது என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதார சேவையின் பற்சிகிச்சைத் தண்டப்பண அறிவித்தல்தான். பல மாதங்களுக்கு முன்னர் செய்துகொண்ட ஒரு சிகிச்சைக்கு நீங்கள் தவறாக இலவசம் கோரியிருக்கிறீர்கள் என்று அது சொல்லும். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர்கள் அதை வாசித்துவிட்டு ஒன்று அவசரமாகப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள், அல்லது பிள்ளைகளுக்குத் தெரியாமல் இழுப்பறைக்குள் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே பிழை. இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

கட்டணம் எவ்வளவு என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அளவின்படி, பரிசோதனை, எக்ஸ்ரே போன்றவை அடங்கிய முதலாம் பிரிவுக்கு 27.40 பவுண்டும், பல் அடைத்தல், வேர்ச் சிகிச்சை, பல் பிடுங்குதல் ஆகியவை அடங்கிய இரண்டாம் பிரிவுக்கு 75.30 பவுண்டும், கிரவுண், பிரிட்ஜ், பொய்ப்பல் ஆகியவை அடங்கிய மூன்றாம் பிரிவுக்கு 326.70 பவுண்டும் செலுத்த வேண்டியிருந்தது. தண்டப்பணம் மூலக் கட்டணத்தின் ஐந்து மடங்கு, ஆனால் 100 பவுண்டுக்கு மேற்படாது. மூன்று பிரிவுகளும் 20 பவுண்டைத் தாண்டிவிட்டதால், முழுக் கட்டணமும் செலுத்தப்படாத இடத்தில் தண்டம் 100 பவுண்டாகவே வந்து நிற்கும். அதனுடன் மூலக் கட்டணத்தையும் கட்ட வேண்டும்; 28 நாட்களுக்குள் கட்டாவிட்டால் இன்னும் 50 பவுண்டு வரை சேரும். ஆகவே அந்த அளவின்படி ஒரு சாதாரணப் பரிசோதனையின் 27.40 பவுண்டு முதலில் 127.40 ஆகி, மௌனமாக இருந்தால் 177.40 ஆகிவிடும்.

இவ்வளவுக்கும் அடிப்படை, பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் நீங்கள் இடும் கையெழுத்து. படிவத்தில் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடப்பட்டிருக்கிறதோ, அந்தத் தகுதி எனக்கு உண்டு என்று நீங்களே உறுதி கூறுவதாக அதன் பொருள். உதவும் எண்ணத்துடன் வரவேற்பாளர் புள்ளடியைப் போட்டுத் தந்தாலும், பொறுப்பு கையெழுத்திட்டவரையே சாரும். பின்னர் நியூகாசிலைத் தலைமையிடமாகக் கொண்ட என்.எச்.எஸ். பிசினஸ் சேர்விசஸ் அதோரிட்டி என்ற அமைப்பு, அரசாங்கக் கொடுப்பனவுப் பதிவுகளுடனும் தன்னிடமுள்ள சான்றிதழ்ப் பதிவுகளுடனும் உங்கள் விபரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்.

நம்மவர்கள் அதிகம் தவறுவது வயது விடயத்தில். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மருந்துச்சீட்டும் கண் பரிசோதனையும் இலவசம். பற்சிகிச்சை இலவசம் அல்ல. நீரிழிவு, தைரோயிட் போன்ற நோய்களுக்காகத் தரப்படும் மருத்துவ விலக்குச் சான்றிதழும் மருந்துகளுக்கு மட்டுமே உரியது. மருந்துக்கடையில் ஆண்டுக்கணக்காக ஒரு பென்சும் கொடுக்காத ஒருவர், பல் வைத்தியரிடமும் அப்படித்தான் என்று நினைப்பது இயல்பு; ஒரே என்.எச்.எஸ். இரண்டு வாசலில் இரண்டு விதிகளை வைத்திருப்பதை நான் நியாயமாகக் கருதவில்லை. ஆனாலும் விதி அதுவே. மாற்றுத்திறனாளிகளுக்கான பிப் கொடுப்பனவும் தன்னளவில் இந்த உரிமையைத் தராது. வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்சன் கிரெடிட் கொடுப்பனவில் 'கரன்டீ கிரெடிட்' என்ற பகுதியைப் பெறுபவருக்கு இலவசம் உண்டு. 'சேவிங்ஸ் கிரெடிட்' மட்டும் பெறுபவருக்கு இல்லை. கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டே அப்பா அம்மாவைக் கையெழுத்திட விடுங்கள்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களும், முழுநேரக் கல்வியில் உள்ள பதினெட்டு வயதினரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து பன்னிரண்டு மாதம் கடக்காத தாய்மாருக்கும் இலவசம் உண்டு. ஆனால் தாய்மைச் சான்றிதழ் எடுக்கப்படாதிருந்தால், ஒப்பிட்டுப் பார்ப்பவர்களின் பதிவில் அந்தத் தாய் கர்ப்பிணியாகவே இருக்கமாட்டார். முதல் சந்திப்புகளிலேயே மருத்துவிச்சியிடம் கேட்டு அதைப் பெற்றுக்கொள்வது நல்லது. புகலிடம் கோரி உள்துறை அமைச்சின் உதவியில் இருப்பவர்களுக்கு முழு உதவிக்கான எச்.சி.2 சான்றிதழ் வழங்கப்படும். அதன் முடிவுத் திகதி தாண்டியபின் அதைக் காட்டிக் கையெழுத்திட்டால் தண்டம் வரும்.

குறைந்த வருமானக்காரருக்கான யூனிவர்சல் கிரெடிட் கொடுப்பனவைப் பெறுபவர்கள்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் அதைப் பெறுவது மட்டும் போதாது. கடைசியாக முடிந்த கணிப்பீட்டு மாதத்தில் (அந்தக் கொடுப்பனவைக் கணக்கிட எடுக்கப்படும் மாதத்தில்) கையில் கிடைத்த நிகர உழைப்பு 435 பவுண்டுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான பகுதி சேர்ந்திருந்தாலோ, உடல்நலத்தால் வேலை செய்யும் திறன் குறைந்தவர் என்று ஏற்கப்பட்டிருந்தாலோ அந்த எல்லை 935 பவுண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்திருந்தால் இருவருடைய உழைப்பும் கூட்டப்படும். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை சம்பளம் பெறுபவருக்கு ஆண்டில் ஏதோ ஒரு கணிப்பீட்டு மாதத்தில் இரண்டு சம்பளம் விழும். வாரச் சம்பளக்காரருக்குச் சில மாதங்களில் ஐந்து சம்பளம் விழும். அந்த மாதம் முடிந்தவுடன் பல் வைத்தியரிடம் போனால், போன தடவை இலவசமாக இருந்தது இந்தத் தடவை இல்லாமற் போகலாம். ஆகவே புறப்படும் முன் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் கடைசிக் கொடுப்பனவுக் கூற்றைத் திறந்து, அதிலுள்ள தொகையைப் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்தும் வையுங்கள்.

தகுதி உண்டா இல்லையா என்று ஐயம் இருந்தால், அன்று கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்வதே பாதுகாப்பான வழி. தகுதி இருந்ததாகப் பின்னர் தெரிந்தால், கட்டிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எச்.சி.5(டி) என்ற படிவத்தின் மூலம் அதைத் திரும்பக் கேட்கலாம். கட்டுவதற்கே பணமில்லாத நிலையில் உள்ளவர், கொடுப்பனவு எதுவும் பெறாவிட்டாலும், குறைந்த வருமானத் திட்டத்தின் கீழ் எச்.சி.1 படிவத்தால் விண்ணப்பிக்கலாம். எச்.சி.2 கிடைத்தால் முழு உதவி, எச்.சி.3 கிடைத்தால் பகுதி உதவி.

இனிக் கடிதம் வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் வருவது பெரும்பாலும் விசாரணைக் கடிதம். அது தண்டம் அல்ல. தகுதி இருந்தால் அதை உறுதிப்படுத்தவும், இல்லாவிட்டால் மூலக் கட்டணத்தை மட்டும் கட்டவும் 28 நாள் அவகாசம் தரப்படும். இந்த இடத்தில் பதிலளிப்பவர் 100 பவுண்டைத் தவிர்த்துக்கொள்கிறார். இழுப்பறைக்குள் வைப்பவருக்குத்தான் அடுத்ததாகத் தண்டப்பண அறிவித்தல் வருகிறது. கடிதத்திலுள்ள இணைப்பையோ இலக்கத்தையோ நம்ப மனமில்லாவிட்டால், அந்த அமைப்பின் இணையத்தளத்தை நீங்களாகத் தேடிச் சென்று, கடிதத்திலுள்ள குறிப்பிலக்கத்தை அங்கே கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து, கடிதத்திலுள்ள சிகிச்சைத் திகதியை எடுத்து, அந்த நாளில் உங்களுக்கு எந்த உரிமை இருந்தது என்று தேடுங்கள். இன்று பெறும் கொடுப்பனவுக் கடிதம் அன்றைய நாளுக்குச் சான்றாகாது. தகுதி உண்மையாகவே இருந்தும் பதிவில் பொருந்தாமற் போவதற்கு நம்மிடையே ஒரு தனிக் காரணம் உண்டு: பெயர். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலிலும் இன்னோரிடத்தில் கடைசியிலும் வரும். திருமணத்துக்குப் பின் கணவன் பெயர் ஒரு பதிவில் ஏறியிருக்கும், மற்றதில் ஏறியிராது. நீண்ட பெயரின் ஆங்கில எழுத்துகள் இடத்துக்கிடம் மாறும். வீடு மாறிய பின் பழைய முகவரி பல் வைத்தியரிடம் கிடப்பதும் உண்டு. இப்படியானால் இரண்டு வடிவங்களையும் எழுதி, தேசிய காப்புறுதி இலக்கத்தையும் பிறந்த திகதியையும் சேர்த்து, சான்றின் பிரதியுடன் அனுப்புங்கள்.

பதிலளிப்பதால் பயன் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரித்தானியத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2014 முதல் மருந்துச்சீட்டுக்கும் பற்சிகிச்சைக்குமாக அனுப்பப்பட்ட 56 இலட்சம் தண்ட அறிவித்தல்களில் ஏறத்தாழ 17 இலட்சம், தகுதி பின்னர் உறுதியானதால் மீளப்பெறப்பட்டன. கேட்டவர்களுக்கே அது நடந்தது.

தகுதி இல்லாமலேயே கையெழுத்திட்டிருந்தாலும் ஒரு வழி மிஞ்சுகிறது. 2006ஆம் ஆண்டின் தேசிய சுகாதார சேவைச் சட்டத்தின் 193ஆம் பிரிவு, தான் தவறான நோக்குடனோ கவனக்குறைவுடனோ நடக்கவில்லை என்று ஒருவர் காட்டினால் அவர் தண்டத்துக்கு உரியவர் அல்லர் என்கிறது. மொழி புரியாமை, மறதி நோய், தவறான வழிகாட்டல் போன்றவற்றை நடந்தபடியே எழுதி, இருந்தால் குடும்ப வைத்தியரின் கடிதத்தையும் இணையுங்கள். மூலக் கட்டணத்தை அப்போதும் கட்ட வேண்டியிருக்கும். இல்லாத ஒன்றைச் சேர்த்து எழுதாதீர்கள். தெரிந்தே பொய் கூறுவது அதே சட்டத்தின் கீழ் குற்றம்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், 28 நாள் முடியுமுன் தொடர்புகொண்டு தவணை முறையில் செலுத்தக் கேளுங்கள். கட்டாமல் விட்ட கடன் வசூல் நிறுவனத்திடம் போகக்கூடும். பெற்றோருக்காகப் பிள்ளைகள் தொலைபேசியில் பேசுவதாயின், அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேச அவர்கள் தரும் சம்மதத்தை முதலிலேயே கூற வையுங்கள். பேசிய நாளையும் நேரத்தையும், மறுமுனையில் சொல்லப்பட்டதையும் கடிதத்தின் பின்புறத்திலேயே குறித்துவிடுங்கள். முறைப்பாடு செய்ய நேர்ந்தால் முதலில் அந்த அமைப்பிடமும், தீராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் பாராளுமன்ற மற்றும் சுகாதார சேவை ஒம்புட்ஸ்மனிடமும் அந்தக் குறிப்பையே கொண்டுபோக வேண்டியிருக்கும்.