பழைய பெட்டி ரிவியில் கேம் கொழுவுவது எப்படி?

அம்மம்மா வீட்டில் துணி மூடிக் கிடக்கும் பெட்டி ரிவியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பழைய கேம்கள் அந்தக் கண்ணாடித் திரைக்கென்றே செய்தவை. வாத்துச் சுடும் கேமின் துவக்கு புது எல்ஈடி ரிவியில் வேலையே செய்யாது.

முதலில் எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, ரிவியின் பின்பக்கம் டோர்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருந்தால் வேலை சுலபம். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. சிவப்பு இல்லையா? வெள்ளையை மட்டும் கொழுவி, கேமின் செட்டிங்கில் சத்தத்தை 'மோனோ' ஆக்குங்கள். இல்லாவிட்டால் வலப்பக்கச் சத்தம் வராது.

நான் முதல்தரம் கொழுவியபோது அரை மணித்தியாலம் வெறும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயரைக் குறை சொன்னேன், கேமைக் குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால், ஒரே நிறத்தில் இரண்டு வரிசை: ஒன்று 'இன்', மற்றது 'அவுட்'. நான் குத்தியிருந்தது அவுட்டில்! தூசியைத் துடைத்து எழுத்தை வடிவாக வாசித்துவிட்டு 'இன்' வரிசையில் குத்துங்கள்.

அடுத்தது கரண்ட். ஜப்பானிலிருந்து வந்த கேம் என்றால் அடியிலோ அதன் அடப்டரிலோ 100 வோல்ட் என்று இருக்கும். அதை எங்கள் 230 வோல்ட்டில் நேரே போட்டால் புகைதான் மிச்சம். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் கட்டாயம்.

இப்போது ரிவியையும் கேமையும் போட்டு, ரிமோட்டில் 'ஏவி'யை (AV, அந்த நிறத் துளைகளில் வரும் படத்தைக் காட்டுவது) அழுத்துங்கள். ரிமோட் எப்போதோ துலைந்திருக்கும், தெரியும். பல ரிவிகளில் 1ஆம் சனலிலிருந்து கீழே இறங்கினால் ஏவி வரும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம். கலர் அனுப்பும் முறை வேறு வேறு: எங்கள் ரிவிகள் 'பால்' (PAL) முறை; ஜப்பான், அமெரிக்க கேம்கள் 'என்டிஎஸ்சி' (NTSC) முறை. மெனுவில் கலர் சிஸ்டத்தை 'ஓட்டோ' ஆக்கிப் பாருங்கள்.

அன்ரனாத் துளை மட்டும்தானா? அப்போ வீடியோ கசெற் போடும் பழைய டெக் ஒன்று தேடுங்கள். கேமை டெக்கின் ஏவி இன்னில் குத்தி, டெக்கின் அன்ரனா வயரை ரிவிக்குக் கொடுங்கள். டெக்கை ஏவியில் வைத்துவிட்டு, ரிவியில் புள்ளி மழை விலகிப் படம் வரும்வரை சனலை மெல்லத் தேடுங்கள். படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் விளையாடலாம்.

எது சரிவராவிட்டாலும் ரிவியின் பின்மூடியைக் கழற்றாதீர்கள். கலர் ரிவிக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். அது ரிவி திருத்துபவரின் வேலை.