உதவிச் சுவிட்ச் பொருத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை கால் சரியாக இயங்காத ஒருவர் விளக்கையோ பேசும் கருவியையோ தானே இயக்க ஒற்றைச் சுவிட்ச் போதும். அதைச் செய்து கொடுக்கப் புதிதாக இறங்குபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். பேட்டரியைத் திருப்பிப் போடுவது, ஒயரை மாற்றிச் சேர்ப்பது எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அவற்றை விடுங்கள்.

ஒரே தடவை பார்த்து இடத்தை முடிவு செய்வது

அதிகம் கெடுப்பது இதுதான். காலையில், களைப்பில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது "அழுத்துங்க" என்றதும் பயன்படுத்துபவர் அழுத்திவிடுகிறார். உடனே அளவெடுத்து, சுவிட்சைப் பிடித்து நிறுத்தும் தாங்கியை வளைத்து, திருகி முடித்துவிடுகிறார்கள். மாலையில் இடுப்பு முன்னால் சரிந்திருக்கும், தோள் இறங்கியிருக்கும். விரல் சுவிட்சுக்கு இரண்டு அங்குலம் தள்ளி வெறும் இடத்தை அழுத்திக்கொண்டிருக்கும். "அவரால் முடியவில்லை" என்று முடிவுகட்டி, கருவியை அலமாரியில் வைத்துவிடுவார்கள். இந்தப் பழியை அவர் மேல் போடுவதைப் பொறுக்கவே முடியாது.

முதல் வாரம் எதையும் திருகாதீர்கள். சுவிட்சை ஒரு கெட்டி அட்டையில் இருபக்க டேப்பால் ஒட்டி, கையால் பிடித்துக்கொண்டு காலை, சாப்பிட்ட பின், படுக்கும் முன் என மூன்று வேளையும் சோதியுங்கள். படுக்கையிலும் தேவை என்றால் படுத்த நிலையிலும் பாருங்கள். வேளைக்கு 20 அழுத்தம். எத்தனை தவறின, எத்தனை அவர் நினைக்காமலே பட்டன, அழுத்திய பின் விட எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிவையுங்கள்.

கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். தசை இறுக்கம் உள்ள பலருக்கு அழுத்துவது எளிது, விடுவதுதான் பாடு. விரல் சுவிட்சின் மேலேயே இறுகிக்கொள்ளும். அப்போது முழங்கால், கன்னம், தலையின் பக்கவாட்டு என்று வேறு இடம் தேடுங்கள். கை கொஞ்சம் அசைகிறதே என்று கையையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். சுவிட்ச் இயக்குவது போன் என்றால், ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் அடுத்தடுத்து விழும் அழுத்தங்களைப் புறக்கணிக்கும்படி அமைக்கலாம். இடம் தப்பாக இருந்தால் அதுவும் கைகொடுக்காது.

தாங்கியை மேசையில் மாட்டுவது

நாற்காலி ஒரு அங்குலம் நகர்ந்தால் போச்சு. நாற்காலியின் சட்டத்தில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். சட்டத்தில் துளை போடாதீர்கள். தலைக்கான சுவிட்ச் என்றால், முதுகோடு சேர்ந்து சாயும் பகுதியில் மாட்டுங்கள்.

மோனோ பிளக், ஸ்டீரியோ சாக்கெட்

சுவிட்ச் ஒயரின் முனையில் இருப்பது பிளக், அது செருகும் கருவியின் துளை சாக்கெட். இரண்டும் 3.5 மிமீ என்பதால் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும். ஒரே சாக்கெட்டில் இரண்டு சுவிட்ச் ஏற்கும் கருவியில் மோனோ பிளக்கைச் செருகினால், நடு வளையமும் அடிப்பகுதியும் இணைந்து இரண்டாவது சுவிட்ச் எப்போதும் அழுத்தியபடியே இருப்பதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். சுவிட்சைக் குறைசொல்லும் முன் பிளக்கில் உள்ள கறுப்புக் கோடுகளை எண்ணுங்கள்: மோனோவில் ஒன்று, ஸ்டீரியோவில் இரண்டு.

பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் முப்பரிமாணமாக அச்சிட்ட பாகத்தை வெயிலில் நிற்கும் காரில் விடுவது

60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகி வளைந்துவிடும்.

தோலைப் பார்க்காமல் விடுவது

உடலில் படும் எதையும் முதல் நாள் 20 நிமிடத்தில் கழற்றிப் பாருங்கள். தோலில் விழுந்த தடம் அடுத்த 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த வடிவம் ஆகாது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

குறி போடாமல் விட்டுவருவது

துடைக்கவோ நகர்த்தவோ தாங்கியை யாராவது கழற்றத்தான் செய்வார்கள். ஒவ்வொரு மூட்டிலும், இரண்டு பக்கமும் சேரும்படி நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடும் கோடும் சேர்ந்தால் பழைய இடம். இரவில் உதவிக்கு வருபவரும் அரை நிமிடத்தில் மாட்டிவிடலாம்.