விர்ச்சுவல் பின்பால் மெஷின் வாங்கும் முன்

பெரம்பூரில் பட்டறை வைத்து, மால்களில் இருக்கும் கேம் மெஷின்களுக்கு சர்வீஸ் செய்கிறேன். கேம் ஜோன் நடத்துபவர்கள் கொஞ்ச காலமாக என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: விர்ச்சுவல் பின்பால் வாங்கிப் போடலாமா? சரிவான பலகையில் ஓடும் எஃகு உருண்டையைக் கீழே விழாமல், பட்டனால் இயங்கும் ஃபிளிப்பர் என்ற சிறு மட்டைகளால் அடித்து ஆடுவதுதான் பின்பால். நிஜ உருண்டையும், அது மோதித் தெறிக்கும் பம்பரும் இல்லாமல், படுக்கவைத்த பெரிய திரையில் எல்லாமே படமாக ஓடும் மெஷின் அது. பின்பால் என்றால் எனக்கு உயிர். இருந்தாலும் முழு விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். விற்பவரே மெஷினை வைத்து, வரும் பணத்தை உங்களோடு பிரித்துக்கொள்ளும் வருமானப் பங்குக்குக் கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பும் சிலவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

என் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 1992-இல் வந்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' பின்பால் இருபதாயிரத்துக்கு மேல் விற்றது. அப்புறம் சந்தை சரிந்தது. 1999-இல் வில்லியம்ஸ் நிறுவனம் 'பின்பால் 2000' என்ற வரிசையைக் கொண்டுவந்தது. மானிட்டரில் ஓடும் படம் மேல் கண்ணாடியில் பிரதிபலித்து, நிஜ உருண்டை ஓடும் பலகைமேல் மிதப்பதுபோல் தெரியும். அருமையான வேலை. அதே ஆண்டிலேயே வில்லியம்ஸ் பின்பால் பிரிவை மூடிவிட்டது. 2000-களில் முழுக்கத் திரையில் ஓடும் 'அல்ட்ராபின்' என்ற மெஷின் ஆர்கேடுகளுக்காகவே, அதாவது கேம் ஜோன்களுக்காகவே வந்தது. இன்று அட்கேம்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வகை மெஷினை வீடுகளுக்குத்தான் விற்கின்றன. வீட்டுக்கு வாங்குபவர் ஒருமுறை பணம் கட்டினால் போதும். உங்கள் இடத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யாராவது கார்டைத் தேய்க்க வேண்டும்.

சென்னையில் அந்த யாராவது யார்? ஞாயிறு மாலை கார்டு அப்பா அம்மா கையில் இருக்கும். பிள்ளையின் கண், பரிசாக மாற்றிக்கொள்ளும் டிக்கெட் தரும் மெஷின்மேல்தான். பின்பால் பக்கம் வரும் பையன் முதலில் கேட்பது, "அண்ணா, இதுல டிக்கெட் வராதா?" என்றுதான். வெளிநாட்டில் நிஜ பின்பால் ஆடிப் பழகியவர் வந்தால் இரண்டு நிமிடம் ஆடிவிட்டு நகர்ந்துவிடுவார். 80 கிராம் எஃகு உருண்டை மரப்பலகையில் மோதும் அதிர்வு அவர் கைக்கு வேண்டும்.

சரி, கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு உதாரணத்துக்கு மெஷின் நான்கு லட்சம், ஆட்டம் அறுபது ரூபாய் என்று வையுங்கள். இரண்டு ஆண்டில் போட்ட பணத்தை எடுக்க மாதம் சுமார் 16,700 ரூபாய் வேண்டும். ஆள் நிற்கும் இடத்தையும் சேர்த்து இருபது சதுர அடி பிடிக்கும். அதற்கு மாத வாடகை மூவாயிரம் என்றால், வரியும் மின்சாரமும் போடாமலேயே தினம் பதினொரு ஆட்டம், வாரத்துக்கு 77. வார நாட்களில் தினம் மூன்று ஆட்டம் ஓடினால், மீதி 62 ஆட்டத்தையும் சனி ஞாயிறு சுமக்க வேண்டும். உங்கள் இடத்தில் டிக்கெட் தராத வேறு மெஷின் ஏதாவது ஞாயிறன்று முப்பது ஆட்டம் ஓடுகிறதா? கார்டு சிஸ்டத்தில் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள்.

அடுத்து டெமோ. போன் கேமராவை நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் வைத்து, விரலும் திரையில் தெரியும் ஃபிளிப்பரும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். பட்டன் அமுங்கியதிலிருந்து ஃபிளிப்பர் அசையும்வரை ஃபிரேம்களை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் சுமார் 4 மில்லிசெகண்ட். பத்து ஃபிரேமைத் தாண்டினால் நான் அந்த மெஷினை ஒதுக்கிவிடுவேன். தான் சரியான நேரத்தில் அடித்தும் உருண்டை விழுகிறது என்று ஆடுபவருக்குத் தோன்றினால் அவர் திரும்ப வரமாட்டார். சில சமயம் திரையின் அமைப்பை கேம் மோடுக்கு மாற்றினாலே இந்தத் தாமதம் குறையும், அதையும் செய்யச் சொல்லுங்கள்.

உருண்டையை ஏவும் இழுப்புக் கம்பியான பிளஞ்சரைப் பாதி இழுத்து விடுங்கள், உருண்டையும் பாதி வேகத்தில்தான் போக வேண்டும். கேபினெட்டைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் உருண்டை விலக வேண்டும், ஓங்கித் தட்டினால் டில்ட் ஆக வேண்டும், அதாவது ஃபிளிப்பர்கள் செயலிழந்து அந்த உருண்டை போய்விட வேண்டும். ஃபிளிப்பரைத் தூக்கிப் பிடித்தபடி உருண்டையை அதில் நிறுத்திப் பாருங்கள். நிற்காமல் துள்ளிக்கொண்டே இருந்தால் அந்த சாஃப்ட்வேரில் குறி வைத்து அடிக்கவே முடியாது. பட்டனுக்குப் பின்னால் சொலினாய்டு (மின்காந்தத்தால் தட்டும் சிறு பாகம்) இருந்து கையில் 'டக்' என்று தெரிந்தால் நல்லது.

ஒரே மெஷினில் ஐம்பது டேபிள், நூறு டேபிள் என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். டேபிள் என்றால் தனித்தனி பின்பால் ஆட்டம். கேம் ஜோனில் அது பாரம். பிள்ளை மெனுவில் தேடிக்கொண்டே நிற்கும், பின்னால் நிற்பவர் போய்விடுவார். நான்கு டேபிளோடு பூட்டிவைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த டேபிள்களைப் பணம் வாங்கி ஆடவிட உரிமம் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ரசிகர்கள் செய்து பகிரும் டேபிள்களைக் கணினியில் ஏற்றி விற்பவர்கள் உண்டு. பழைய மெஷின்களின் சாஃப்ட்வேரும் படங்களும் வேறு நிறுவனங்களுக்குச் சொந்தம். பிரச்சினை வந்தால் உங்கள் கடைக்குத்தான் வரும். வீட்டு மாடலைக் கொண்டுவந்து போடுவதும் வேண்டாம்: உரிமச் சிக்கல் ஒருபக்கம், கார்டு ரீடரை இணைக்கக் காயின் இன்புட் (பணம் கட்டியாயிற்று என்று மெஷினுக்குச் சொல்லும் இணைப்பு) பெரும்பாலும் இல்லாத சிக்கல் மறுபக்கம்.

உள்ளே இருப்பது கணினி என்பதால் மின்சாரம் போய் வந்ததும் தானாக எழும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பில்) அமைக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் அப்டேட் ஞாயிறு மாலை குறுக்கே வராமல் நிறுத்தியிருக்க வேண்டும். மே மாதம் மால் ஏசியைக் குறைத்தால் மூடிய கேபினெட் கொதிக்கும். பின்பக்கம் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் குறைந்தது இரண்டு வேண்டும். கண்ணாடியில் சீலிங் லைட் அடிக்காத இடமாகப் பாருங்கள்.

எல்லாம் தேறினால் பங்கு ஒப்பந்தம் பேசலாம். மூன்று மாதச் சோதனை, ரிப்பேர் விற்பவர் செலவு, பேசிவைத்த வருமான இலக்கை எட்டாவிட்டால் அவரே எடுத்துப் போக வேண்டும். சோதனையை ஏப்ரலில் ஆரம்பிக்க அவர் ஆசைப்படுவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். கோடை விடுமுறையில் எந்த மெஷினும் ஓடும். பள்ளி திறந்தபின் ஜூன் கடைசியில் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள்.